கூடி வாசித்தவர்கள் - 7: நீதிபதியும் படித்துவிட்டு வர வேண்டும்

சென்ற வாரம், சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் 1998-ல் ஒரு நகரத்தையே ஒரே நாவலைப் படிக்க அழைத்த கதையைப் பார்த்தோம். அந்த வாசகர்கள் தாங்களாக ஆசைப்பட்டு வந்தவர்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போகிற வட்டத்துக்கு ஆட்களை அனுப்பிவைத்தது கோர்ட்.

1991-ல் அந்த வட்டம் முதன்முதலாகக் கூடியபோது அதில் எட்டு ஆண்கள் இருந்தார்கள். எட்டுப் பேர் மீதும் சேர்த்து 142 தண்டனைத் தீர்ப்புகள். ஆளுக்குப் பதினேழு, பதினெட்டு தடவை ‘குற்றவாளி’ என்று நீதிமன்றம் சொல்லக் கேட்டவர்கள். அவர்களை ஒரு பல்கலைக்கழக அறையில் உட்காரவைத்து, கையில் ஒரு நாவலைக் கொடுத்து, ‘படித்துவிட்டு வந்து உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்’ என்றார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊரை ஒட்டி நடந்தது இது.

அந்த ஊருக்கும் புத்தகங்களுக்கும் பழைய சொந்தம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டையில் கொழித்த ஊர் அது. ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் கதை சொல்லும் இஸ்மாயில், கப்பலேறுவதற்கு முன் வந்து தங்குவது இங்கேதான். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1838-ல் வந்து சேர்ந்ததும் இங்கேதான். அவருக்கு அடைக்கலம் கொடுத்த நேதன் ஜான்சன் அப்போது வால்டர் ஸ்காட்டின் ஒரு காவியத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் வந்த பாத்திரத்தின் பெயரைத்தான் அந்த இளைஞருக்குச் சூட்டினார். அடிமை முறைக்கு எதிராக உலகம் முழுக்க ஒலித்த ‘டக்ளஸ்’ என்ற பெயர், ஒரு வாசகர் தன் வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுத்த பெயர்.

1990 வாக்கில் அந்த வளமெல்லாம் போய்விட்டது. பஞ்சாலைகள் மூடிக்கிடந்தன. ஹெராயின் தெருவுக்கு வந்திருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் ராபர்ட் கேன். அதே முகங்கள் சிறைக்குப் போவதும், வெளியே வருவதும், மறுபடி கூண்டில் வந்து நிற்பதுமாக இருப்பதைப் பார்த்து அவர் சலித்துப்போயிருந்தார். அவருடைய நண்பர் ராபர்ட் வாக்ஸ்லர், பக்கத்து ஊரான டார்ட்மத்தில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இலக்கியப் பேராசிரியர். ‘உங்கள் முன்னால் வருகிறவர்களில் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல் என்னிடம் இலக்கியம் படிக்க அனுப்புங்கள்’ என்று வாக்ஸ்லர் கேட்டார். கேன் ஒப்புக்கொண்டார். வெயின் செயின்ட் பியர் என்ற நன்னடத்தை அலுவலர் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். ‘இலக்கியத்தின் வழியே வாழ்க்கையை மாற்றுதல்’ என்ற திட்டம் இப்படித்தான் பிறந்தது.

ஏற்பாடு எளிமையானது. பன்னிரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாலையில், இரண்டு மணி நேரம். கொலையும் பாலியல் குற்றமும் செய்தவர்களுக்கு இடமில்லை. ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் போதும். கூடும் இடம் கோர்ட்டும் அல்ல, சிறையும் அல்ல. பல்கலைக்கழகத்தின் கூட்ட அறை. இந்த இடத் தேர்வுக்கு வாக்ஸ்லர் பெரிய முக்கியத்துவம் கொடுத்தார். ஆயுளில் காலேஜ் வாசலை மிதிக்காத மனிதர், பேராசிரியர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கதையைப் பற்றி வாய் திறக்கிறார்.

இந்த வட்டத்தின் உயிர் என்று நான் நினைப்பது இன்னொன்று. நீதிபதி கேனும் நன்னடத்தை அலுவலர் செயின்ட் பியரும் மேற்பார்வை பார்க்க வரவில்லை. மற்றவர்களைப் போலவே நாவலைப் படித்துவிட்டு வந்தார்கள். அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தங்கள் அபிப்பிராயத்தையும் சொன்னார்கள். ‘நீ ஏன் அந்தக் குற்றத்தைச் செய்தாய்?’ என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பேச்செல்லாம் நாவலில் வரும் மனிதர்களைப் பற்றித்தான்.

முதலில் வாசித்த நாவல்களில் ஜாக் லண்டனின் ‘தி ஸீ வுல்ஃப்’ (1904) ஒன்று. லண்டனே பதினெட்டு வயதில், ஊர் சுற்றித் திரிந்த குற்றத்துக்காக முப்பது நாள் சிறையில் கிடந்தவர். கடல்நாய் வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். நாவலில் வரும் கப்பலின் பெயர் ‘கோஸ்ட்’. கேப்டன் உல்ஃப் லார்ஸன். அவனுக்கு எதிரே லண்டன் நிறுத்துவது, விபத்தில் கடலில் விழுந்து அந்தக் கப்பலால் மீட்கப்பட்ட ஹம்ஃப்ரி என்ற இலக்கிய விமர்சகனை. லார்ஸன் எதற்கும் அஞ்சாத முரடன். ஆனால் அவனுடைய அறையில் ஷேக்ஸ்பியர் இருக்கிறார். வலுத்தவன் இளைத்தவனைத் தின்பதுதான் வாழ்க்கை என்று அவன் வாதாடும்போது, மறுத்துப் பேச முடியாமல் படித்தவன் திணறுகிறான்.

ஒரு காட்சியைப் பாருங்கள். கப்பல் சமையல்காரன் மக்ரிட்ஜ், ஹம்ஃப்ரி வந்த அன்றே அவன் பணத்தைத் திருடியவன், அவனைப் படாதபாடு படுத்தியவன். மக்ரிட்ஜ் அழுக்காக இருக்கிறான் என்று சொல்லி, லார்ஸன் அவனைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து இழுக்கச் செய்கிறான். திரும்ப மேலே தூக்கும்போது ஒரு சுறா அவன் பாதத்தைக் கடித்துப் பறித்துவிடுகிறது. அதுவரை ‘இவனுக்கு நல்லா வேணும்’ என்று நினைத்துக்கொண்டே வந்த வாசகர் இந்த இடத்தில் என்ன செய்வார்? மக்ரிட்ஜ் செய்த குற்றத்துக்கும் அனுபவிக்கிற தண்டனைக்கும் பொருத்தம் இருக்கிறதா? தண்டனை கொடுக்க லார்ஸன் யார்? அந்த மேசையில் தண்டனை கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரும், தண்டனை வாங்கியே பழகிய எட்டுப் பேரும் இருந்தார்கள். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சபை எங்கும் கிடைக்காது.

நாவலின் முற்பகுதியில் லார்ஸனின் பலம் எவரையும் மயக்கும். போகப்போக அவனுக்குத் தீராத தலைவலி வருகிறது, பார்வை போகிறது, உடம்பு செயலிழக்கிறது. கடைசியில் சாகிறான். அவனைத் தலைவனாகப் பார்த்த வாசகர் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் நாவலை மூட முடியாது. அறிவுரை சொல்லி ஒருவரை அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவுரையை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்கள்தானே அவர்கள்?

பட்டியலில் ஜேம்ஸ் டிக்கியின் ‘டெலிவரன்ஸ்’ (1970) நாவலும் உண்டு. நகரத்து நண்பர்கள் நான்கு பேர் படகெடுத்துக்கொண்டு காட்டாற்றில் போகிறார்கள். வழியில் தாக்கப்படுகிறார்கள். அவர்களில் ஒருவனான லூயிஸ், தாக்கியவனை அம்பெய்து கொல்கிறான். போலீஸுக்குச் சொல்வதா, பிணத்தைப் புதைத்துவிடுவதா? இந்த ஊரில் ஜூரியாக வருபவர்கள் எல்லாம் செத்தவனின் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள், நியாயம் கிடைக்காது என்கிறான் லூயிஸ். சட்டப்படிதான் போக வேண்டும் என்கிறான் ட்ரூ. ஓட்டு எடுக்கிறார்கள். ட்ரூ தோற்கிறான். இதே ஓட்டை அந்த மேசையில் எடுத்தால், நீதிபதிக்கும் ஒரு ஓட்டுதான். அவர் ட்ரூவின் பக்கம் நிற்கலாம்; ஆனால் லூயிஸ் சொல்லும் காரணத்தைத் தன் உடம்பில் அனுபவித்தவர்கள் எதிரே இருக்கிறார்கள். ஒரே பக்கத்தை இரண்டு விதமாகப் படித்த இருவரில் எவர் வாசிப்பும் தள்ளுபடி ஆவதில்லை.

வாக்ஸ்லர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ வாசித்த ஒருவர், ஒருநாள் ஊருக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். பழைய கூட்டாளிகள் இருக்கும் பகுதிக்குத் திரும்பிவிடலாமா என்று மனசு இழுத்தது. அப்போது சாந்தியாகோவின் ஞாபகம் வந்ததாம். 84 நாள் ஒரு மீன்கூடக் கிடைக்காமல், அடுத்த நாளும் படகை எடுத்த கிழவன். அவர் திரும்பாமல் நேரே நடந்துவிட்டார். ஒரு நாவல் ஒருவரை ஒருநாள் ஒரு தெருவில் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு மேல் நான் அதைப் பெரிதாக்க விரும்பவில்லை. அதுவே பெரிதுதான்.

பெண்களுக்கான வட்டம் 1992-ல் லின் என்ற ஊரில் தொடங்கியது. அதை நடத்தியவர் ஜீன் டிரவுன்ஸ்டைன். ஃபிரேமிங்ஹாம் பெண்கள் சிறையில் கைதிகளைக் கொண்டே ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டவர். அங்கே சிக்கல்கள் வேறு. மாலை நேரத்தில் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதே முதல் சிக்கல். நாவல்களும் வேறு. டோனி மாரிசனின் ‘தி புளூயஸ்ட் ஐ’, ஆன் டைலரின் ‘டின்னர் அட் தி ஹோம்சிக் ரெஸ்டாரண்ட்’ போன்றவை. டைலரின் நாவலில் வரும் பேர்ல், கணவன் விட்டுப்போனதை யாரிடமும் சொல்லாமலே மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். ஆத்திரம் வந்தால் அடித்து நொறுக்குகிறாள். இவள் நல்ல தாயா, கெட்ட தாயா? தன் பிள்ளையைப் பற்றிப் பேச வாய் வராத ஒரு பெண், பேர்லைப் பற்றிப் பேசலாம். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். நாவல் கொடுக்கிற இந்த மறைப்பு மிகப் பெரிய மரியாதை.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: முதல் நான்கு வட்டங்களில் இருந்த 32 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களில் மறுபடி குற்றத்தில் சிக்கியவர்கள் சுமார் 19 சதவீதம். இதில் சேராத, இவர்களைப் போன்ற இன்னொரு குழுவில் 45 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்பதை நாம் மறக்கக் கூடாது. படிக்க ஒப்புக்கொண்டு வந்தவரிடம் மாறும் ஆசை ஏற்கெனவே கொஞ்சம் இருந்திருக்கலாம். இந்த வட்டத்தை நான் மதிப்பதற்குக் காரணம் சதவீதம் அல்ல. தண்டிக்கப்பட்டவரின் அபிப்பிராயத்தைக் கேட்க நீதிபதி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார் என்பதே போதும்.

பன்னிரண்டு வாரம் முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு நடந்தது கோர்ட்டில். எந்த இடத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டதோ, அங்கேயே நீதிபதி இறங்கி வந்து கைகுலுக்கினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வாக்ஸ்லரைப் பற்றி இன்னொரு விஷயம். போதையில் சிக்கியவர்களோடு உட்கார்ந்து நாவல் படித்த அந்தப் பேராசிரியரின் மூத்த மகன் ஜோனதன், 1995-ல் ஹெராயினால் இறந்துபோனார். வாக்ஸ்லரும் அவர் மனைவி லிண்டாவும் சேர்ந்து அந்த இழப்பைப் பற்றி ‘லூசிங் ஜோனதன்’ (2003) என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். வாக்ஸ்லர் வாசகர் வட்டத்தை விடவில்லை. இலக்கியம் எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல அந்த மனிதரைவிட யாருக்கும் அதிகத் தயக்கம் இருந்திருக்காது. தெரிந்தேதான் தொடர்ந்தார்.

பிரேசில் வேறு வழியில் போனது. 2012 முதல் அங்கே மத்திய சிறைகளில் ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக்கொடுத்தால் தண்டனையில் 4 நாள் குறையும். வருடத்துக்கு 12 புத்தகம். அதாவது 48 நாள். நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அதில் கைதி தனியாகப் படிக்கிறார், தனியாக எழுதுகிறார், யாரோ திருத்துகிறார்கள். எதிரே உட்கார்ந்து ‘எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்று சொல்ல ஆள் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1936-லேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958-ல் வந்தது. அப்படி விடுவிக்கும்போது நிபந்தனைகள் விதிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. நன்னடத்தை அலுவலர் என்ற பதவியும் இருக்கிறது. சிறைவாசிகளுக்குப் புத்தகம் கொடுக்கும் மனசும் நம்மிடம் இருக்கிறது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டுப் புத்தகங்களைக் கேட்டபோது மக்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கூடிப் பேசும் மேசைதான் மிச்சம்.

நாவலுக்கும் பஞ்சமில்லை. பூமணியின் ‘வெக்கை’ (1982) ஒன்று போதும், தொடங்குவதற்கு. அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டு, அப்பாவோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையனின் கதை. அந்த அப்பா அவனைத் திட்டுவதில்லை. சோறு பொங்கிக் கொடுக்கிறார். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள். அந்தப் பையன் செய்தது சரியா? சரணடைவது சரியா? அடுத்து, ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவலில் கந்தனின் ஒருநாள் வாழ்க்கை. அதற்கடுத்து, சிறையையே களமாகக் கொண்ட ஜெயகாந்தனின் ‘கைவிலங்கு’. இவற்றைப் பற்றிக் கருத்தரங்குகளில் நாம் நிறையப் பேசிவிட்டோம். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டதே இல்லை.

கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் நண்பர்களே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்துப் பிரதி ‘வெக்கை’, உங்கள் துறையில் ஓர் அறை, இரண்டு வாரத்துக்கு ஒரு மாலை, இவ்வளவுதான் செலவு. மாஜிஸ்ட்ரேட்டையும் அழையுங்கள். தொடங்கிவைத்துவிட்டுப் போக அல்ல, நாவலை முழுசாகப் படித்துவிட்டு வந்து மேசையில் உட்கார. அந்த ஒரு நிபந்தனையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

(தொடரும்)