பாட்டரி வண்டிக்குப் பசி எடுத்தால் எப்படித் தெரியும்?

முள் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

பெட்ரோல் வண்டி என்றால் கவலை இல்லை. டாங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதும். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

பாட்டரி வண்டியில் அது முடியுமா? மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. குச்சி விட்டு அளக்கவும் முடியாது. ஆனாலும் அது தீரத்தான் செய்கிறது. தீர்ந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது!

காவேரிப்பட்டினம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் சிலர் பூம்புகாரை நினைப்பார்கள். அது வேறு, இது வேறு. இங்கே சுற்றிலும் மாந்தோப்புகள். ஊரை ஒட்டிப் பெரிய நெடுஞ்சாலை.

இந்த மாவட்டம் இப்போது பாட்டரி வண்டிகளின் மாவட்டமாக மாறி வருகிறது. 2021-ஆம் ஆண்டில் போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலையும், ஓசூரில் ஏதர் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 2020-லேயே மின் ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஸ்கூட்டர் மட்டும் அல்ல. வீடு வீடாகக் குப்பை வாங்க வரும் பாட்டரி வண்டியைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காணலாம். பழனி கிரிவலப் பாதையில் பக்தர்களை ஏற்றிச் செல்வதும் பாட்டரி வண்டியே. பெரிய ரெயில் நிலையங்களில் முதியோரை ஏற்றிச் செல்லும் வண்டியும் அப்படித்தான். இவற்றில் பல, அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டுகளில் பரவிய கோல்ப் மைதான வண்டியின் வழியில் வந்தவை.

இப்படிப்பட்ட வண்டி வழியில் நின்றால் யாருக்குக் கஷ்டம்? முழங்கால் வலியோடு ஏறிய பாட்டிக்குக் கஷ்டம். குப்பையோடு வண்டியைத் தள்ள வேண்டிய தூய்மைப் பணியாளருக்குக் கஷ்டம். அன்றைய கூலியை இழக்கும் டிரைவருக்கும் கஷ்டம்!

ஆறு பெட்டிகள்

கோல்ப் வண்டியின் இருக்கையைத் தூக்கினால் வரிசையாகப் பாட்டரிப் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டிக்கு 8 வோல்ட். இப்படி 6 பெட்டிகளைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் ஆகிறது.

வோல்ட் என்பது என்ன? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதுபோன்றது வோல்ட். தொட்டி எத்தனை குடம் கொள்ளுமோ, அதுபோன்றது ஆம்பியர் மணி. தண்ணீர் குறையக் குறைய மட்டம் இறங்குகிறது. அதுபோலவே மின்சாரம் செலவாகச் செலவாக வோல்ட்டும் இறங்குகிறது.

ஈயப் பாட்டரியை 1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். தீர்ந்த பிறகு மறுபடியும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பாட்டரி அது. உள்ளே ஈயத் தகடுகள். அவற்றைச் சுற்றிக் கந்தகத் திராவகம். ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டியும் அதே முறைதான் பல வண்டிகளை ஓட்டுகிறது.

நாலரை வோல்ட்டில் அடங்கிய ரகசியம்

48 வோல்ட் வண்டியில் மின்சாரம் தீர்ந்தால் மீட்டர் பூஜ்யத்துக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

ஈயப் பாட்டரியில் சார்ஜ் முழுதாக இருந்தால் சுமார் 51 வோல்ட் காட்டும். பாதி இருந்தால் சுமார் 48½. ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் சுமார் 46½. நிறைந்த வயிற்றுக்கும் கடும் பசிக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் நாலரை வோல்ட்!

“வண்டியின் பெயரே 48 வோல்ட். மீட்டரும் 48 காட்டுகிறது. ஆகவே சார்ஜ் நிறைய இருக்கிறது” என்று ஒருவர் நினைத்தால் ஏமாந்து போவார். உண்மையில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. அதனால் அரை வோல்ட், கால் வோல்ட்டையும் காட்டும் எண் மீட்டரே நல்லது.

மீட்டர் எப்போது பொய் சொல்லும்?

மீட்டர் இரண்டு சமயங்களில் ஏமாற்றும்.

ஒன்று, வண்டி மேடேறும்போது. மோட்டார் மின்சாரத்தை வேகமாக இழுப்பதால் வோல்ட் சடாரென்று இறங்கும். சமதளம் வந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மற்றொன்று, சார்ஜர் வயரைக் கழற்றியவுடன். அப்போது வோல்ட் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம்.

பாட்டரி ஓய்வாக இருக்கும்போது பார்ப்பதே சரியான கணக்கு. இரவில் சார்ஜ் ஏற்றிக் கழற்றி, சில மணி நேரம் விட்டு, காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்த்தால் மீட்டர் உண்மையைச் சொல்லும்.

நொண்டி மாடு எது?

ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நொண்டினால் மற்றதும் நடக்க முடியாது. ஆறு பெட்டிகளில் ஒன்று கெட்டாலும் அப்படித்தான். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரியாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஐந்து பெட்டிகள் 8.4 காட்டி, ஒன்று மட்டும் 7.9 காட்டினால், அதுதான் நொண்டி மாடு.

திறந்து தண்ணீர் ஊற்றும் பாட்டரிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயால் திராவகத்தை உறிஞ்சினால், உள்ளே ஒரு மிதவை மிதக்கும். நல்ல சார்ஜ் இருந்தால் சுமார் 1.28 காட்டும். பாதி என்றால் சுமார் 1.19. பாட்டரிக் கடைக்காரர்கள் வோல்ட் மீட்டரோடு இதையும் பார்ப்பது அதனால்தான்.

பாதியில் நிறுத்துங்கள்!

ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் சார்ஜ் ஏற்றுவது நல்லது. அடிக்கடி காலி செய்தாலோ, காலியான பாட்டரியை நாள் கணக்கில் அப்படியே போட்டுவைத்தாலோ, தகடுகளின் மேல் வெள்ளை உப்பு இறுகிப்போகும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. ஆறு பெட்டிகளையும் மாற்ற வேண்டிய செலவு வரும்.

குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரையே ஊற்ற வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் ஏற்றலாம். மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு பொறி பட்டாலும் வெடித்துவிடும். அங்கே பீடி, தீப்பெட்டி ஆகாது. காற்றோட்டம் வேண்டும். குழந்தைகளை அண்ட விடக் கூடாது. திராவகம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே டாக்டரிடம் ஓட வேண்டும்.

லித்தியத்தின் வரவு செலவு

புதிய வண்டிகளில் லித்தியம் பாட்டரி வருகிறது. அதை உருவாக்கிய குடெனப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லித்தியத்தில் ஒரு வகைக்கு இரும்பு பாஸ்பேட் என்று பெயர். அதில் முக்கால் பங்கு சார்ஜ் இருந்தாலும், கால் பங்கு இருந்தாலும், வோல்ட் ஏறக்குறைய ஒன்றே! அப்படியானால் மிச்சத்தை எப்படி அறிவது?

உள்ளே இருக்கும் சிறு மின்னணுக் கருவி மளிகைக் கடைக்காரர் போல் கணக்கு எழுதுகிறது. ஏறிய மின்சாரம் வரவு. ஓடிய மின்சாரம் செலவு. மிச்சத்தைச் சதவீதமாகக் காட்டுகிறது. நாளடைவில் இந்தக் கணக்கிலும் சிறு பிசகு சேரும். எப்போதாவது முழுச் சார்ஜ் ஏற்றினால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ஈயமோ, லித்தியமோ, வண்டி ஓட்டுகிறவர் கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். புறப்படும்போது மீட்டர் காட்டியது என்ன? திரும்பியபோது என்ன? இடையே ஓடிய தூரம் எவ்வளவு? மூன்றே எண்கள்!

போன மாதம் 40 கிலோ மீட்டர் ஓடிய சார்ஜில் இந்த மாதம் 30 கிலோ மீட்டர்தான் ஓடுகிறது என்றால், பாட்டரி முன்கூட்டியே எச்சரிக்கிறது என்று அர்த்தம். அப்போதே பழுது பார்த்தால், பாட்டியும் மலையடிவாரத்தில் தவிக்க மாட்டார். டிரைவரின் கூலியும் போகாது.

எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இந்தக் கணக்கை எழுதலாம். தினமும் இரண்டு நிமிடம் போதும்.