ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுக்கும் மழை: பெட்ரோல் ஜென்செட் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: ‘கரன்ட் எப்ப வரும்?’ 2016 டிசம்பர் 12-ல் வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றவும் வாடகை ஜெனரேட்டர்கள்தான் அங்கே கைகொடுத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் மீண்டும் அதே கதை.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு கரன்ட் போனால் சம்பளத்துக்கே சிக்கல். அதனால் சூட்கேஸ் அளவில், கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா என்று பலரும் யோசிக்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால், எந்த கம்பெனி, எத்தனை கேவிஏ என்று பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அதை வைக்க உங்களிடம் இடம் இருக்கிறதா?

வெளியே இருந்தது, உள்ளே வருவது எப்படி?

ஜெனரேட்டரை வெளியேதான் வைக்க வேண்டும் என்பது தெரியாதவர்கள் குறைவு. முதல் நாள் எல்லோரும் வெளியேதான் வைப்பார்கள். பிறகு தூறல் விழும். ‘நனையுது, போர்டிகோவுக்குள்ள இழுத்து வைப்பா’ என்று ஒரு குரல் வரும். ராத்திரி ஆனால் ‘எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்’ என்ற பயம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்பார். ஒயர் வேறு எட்டாது. இப்படி ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணத்தோடு, மெஷின் உள்ளே வந்துவிடும். கடைகளில் இது இன்னும் மோசம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷினைக் கல்லாவுக்குப் பின்னால் ஓடவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்குபவர்கள் உண்டு.

2020 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா சூறாவளி தாக்கியது. அதன் பிறகான முதல் சில நாட்களில் அங்கே பதிவான மரணங்களில் பாதிக்கு மேல் காற்றாலோ வெள்ளத்தாலோ நேர்ந்தவை அல்ல. ஜெனரேட்டர் வெளியேற்றிய கார்பன் மோனாக்சைடு வாயுவால் நேர்ந்தவை. புயலில் தப்பித்தவர்கள், புயல் போன பிறகு வீட்டுக்குள் இறந்தார்கள்.

சின்ன மெஷின், பெரிய விஷம்

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது உருவாவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணமும் கிடையாது. ‘புகை நாற்றம் வந்தா ஆஃப் பண்ணிடலாம்’ என்ற நினைப்பு இங்கேதான் தவறுகிறது. நாற்றம் அடிப்பது புகையில் உள்ள மற்ற பொருட்கள்தான். நாற்றமே தெரியாத அறையிலும் இந்த வாயு நிறைந்திருக்கலாம்.

நம் காரில் புகையைச் சுத்தப்படுத்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறது. சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமான கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். காற்றில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு, அதாவது வெறும் 0.16 சதவீதம் இந்த வாயு கலந்தால், 20 நிமிடங்களில் தலைவலியும் குமட்டலும் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போகலாம்.

காரணம் ரத்தத்தில் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது. தூங்குபவருக்குத் தலைவலிகூடத் தெரியாது, அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இன்வர்ட்டர் என்றால் ஹாலில் ஸ்டூலுக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி. கடைகளில் ‘இன்வர்ட்டர் ஜெனரேட்டர்’, ‘சைலன்ட் ஜெனரேட்டர்’ என்றும் விற்கிறார்கள். பெயரைக் கேட்டதும் வீட்டுக்குள் வைக்கலாம் போல என்று தோன்றும். இல்லை. அதற்குள்ளும் பெட்ரோல் இன்ஜின்தான் ஓடுகிறது. சத்தம்தான் குறைவு.

அப்படியானால் எங்கே வைப்பது?

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில். புகைக்குழாய் வீட்டின் எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல், வெண்டிலேட்டர், ஏசி துளை எதுவும் அதற்கு நேராக இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பது நடக்காத காரியம். மெஷின் கொட்டும் வேகத்துக்கு வாயு வெளியேறாது.

தனி வீடும் கொஞ்சம் காலி இடமும் உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நகரத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு பக்கமும் மூன்றடி சந்துதான். அங்கே வைத்தால் உங்கள் ஜன்னலுக்கும் ஆபத்து, பக்கத்து வீட்டு பெட்ரூமுக்கும் ஆபத்து. அபார்ட்மென்ட் பால்கனி, மாடிப்படி, லிஃப்ட் பக்கம் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. தரைத்தள கார் பார்க்கிங் திறந்த இடம் மாதிரித் தெரியும். ஆனால், மேலே கூரை, மூன்று பக்கம் சுவர் என்றிருந்தால் அங்கே புகை தேங்கும். மாடிப்படியும் லிஃப்ட் குழியும் புகைபோக்கி போல அதை மேல்தளங்களுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

20 அடி திறந்த வெளி இல்லையென்றால் பெட்ரோல் ஜெனரேட்டர் உங்களுக்கான பொருள் அல்ல. அந்தப் பணத்தை பேட்டரி இன்வர்ட்டரில் போடுங்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு பிஎல்டிசி ஃபேன், வைஃபை ரவுட்டர், இரண்டு லேப்டாப் ஆகியவை ஐந்து மணி நேரம் போல ஓடும். புயல் நாளில் இரண்டு ஷிஃப்ட் வேலைக்கு அது போதாதுதான். ஆனாலும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இடம் இருப்பவர்கள், மெஷின் உள்ளே வருவதற்கான காரணங்களை முன்கூட்டியே அடைத்துவிடுவது நல்லது. மழைக்கு நான்கு கம்பு நட்டு, பக்கங்கள் திறந்திருக்கும்படி உயரத்தில் ஒரு தார்ப்பாய் கட்டுங்கள். ஓடும் மெஷின் மீதே போர்த்தினால் தீப்பிடிக்கும். தண்ணீர் தேங்காமல் இருக்க செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். திருட்டுக்குச் சங்கிலியும் பூட்டும். சத்தத்துக்கும், அதைவிட முக்கியமாக உயிருக்கும், தூங்கப் போகும்போது ஆஃப் செய்துவிடுவதே வழி. எல்லோரும் தூங்கும் வீட்டுக்கு ஜெனரேட்டர் ஓடத் தேவையில்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டுங்கள். ஆபீஸ் கூரையில் இருக்கும் சாதாரண ஸ்மோக் டிடெக்டர் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகினால் என்ன?

இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை வீட்டு பிளக் பாயின்ட்டிலும் சொருகினால் மொத்த வீட்டுக்கும் கரன்ட் வந்துவிடும். யூடியூபிலும் இதைக் காட்டுகிறார்கள். இது வீட்டுக்காரரைவிட, நாம் பார்க்கவே போகாத ஒருவருக்கு ஆபத்தானது.

தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. அதே டிரான்ஸ்ஃபார்மர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். உங்கள் ஜெனரேட்டர் கரன்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போனால் அங்கே அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறலாம். லைன் ஆஃபில் இருக்கிறது என்று நம்பி, கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் கையில் அந்த ஒயர் இருக்கும். ‘மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுவோம்’ என்பார்கள். இருட்டில், அவசரத்தில், ஒருநாள் மறந்தால் போதும். தவிர, அந்த ஒயரின் மறுமுனையில் கரன்ட் பாயும் பின்கள் கையில் படும்படி திறந்தே இருக்கின்றன. நடுவில் மின்வாரிய சப்ளை வந்துவிட்டால் ஜெனரேட்டரே எரிந்துபோகும்.

வழி எளியது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டுங்கள். ஒரு பக்கம் ஆன் ஆனால் மறு பக்கம் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுவதாக இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் வீட்டு ஒயரிங்கைத் தொடாமல், எக்ஸ்டென்ஷன் ஒயர் மூலம் ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நேரடியாக ஜெனரேட்டரில் இணையுங்கள். மூன்று கோர் கொண்ட, 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் நல்லது. சுருட்டியபடியே பயன்படுத்தினால் சூடாகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள். ஒயருக்காகத் திறந்த ஜன்னல் இடைவெளியைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

எவ்வளவு லோடு கொடுக்கலாம்?

2 கேவிஏ மெஷின் ஏறக்குறைய 1,600 வாட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சாதாரண ஃபேன் 225 வாட், இரண்டு லேப்டாப் 130, ஐந்து எல்இடி பல்பு 45, ரவுட்டர் 15, ஃபிரிட்ஜ் 150. மொத்தம் 565 வாட். தாராளமாக ஓடும்.

சிக்கல் மோட்டாரில்தான். 1 ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது 1,000 வாட் போல எடுக்கும்; ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். கணக்கில் இடம் இருப்பது போலத் தெரிந்தாலும் 2 கேவிஏ மெஷின் அங்கே திணறிவிடும். 1.5 டன் ஏசியை மறந்துவிடுங்கள். மெஷினை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஃபிரிட்ஜ் முதலில், மற்றவை ஒவ்வொன்றாக. நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு இன்ஜினை ஆஃப் செய்யுங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது

ஓடும் மெஷினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஆஃப் செய்து, குறைந்தது கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சைலன்சர் சூட்டில் ஒரு துளி சிந்தினால் போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய் தூரத்தில் இருக்கும் அடுப்பிலோ சாமி விளக்கிலோ பற்றிக்கொள்ளும். ஆகவே கேனை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்குவதும் வேண்டாம். பல பங்குகளில் தரவும் மாட்டார்கள். எரிபொருளுக்கென்றே உள்ள மூடியிட்ட கேன் வாங்குங்கள். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். அடுத்த புயலுக்குக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிக்காது.

தலைவலி வந்தால்

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் களைப்பாக இருக்கலாம். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி என்றால் அது விஷவாயு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போனதும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள், மெஷினை நிறுத்துவது பிறகு. 108-க்கு அழையுங்கள். உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னல்களை வெளியிலிருந்து திறக்கப் பாருங்கள். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று ஓடி, தூக்கப்போனவரும் அங்கேயே விழுந்த சம்பவங்கள் ஏராளம்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியது என்றே அது எண்ணிக்கொள்ளும். சாகக் கிடப்பவரின் விரலிலும் 98 என்று காட்டலாம். மருத்துவமனையில் நுழைந்ததும் ‘ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது’ என்று முதலில் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பார்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போல. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவருக்கு அறிகுறி லேசாக இருந்தாலும் அழைத்துப் போங்கள். வயிற்றில் உள்ள குழந்தைக்குப் பாதிப்பு அதிகம். குணமாகி வீடு திரும்பியவருக்குச் சில வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம், குணத்தில் மாற்றம் தெரிந்தால், அதே மருத்துவரிடம் பழைய சீட்டோடு திரும்பப் போக வேண்டும்.