உங்களுக்குத் தெரியுமா? – வில்லின் கைப்பிடியும் மான்கொம்பும்

ஜவ்வாது மலையைச் சூழ்ந்த திருப்பத்தூர், செங்கம் வட்டாரங்களின் பழைய நடுகற்கள், அதாவது ஆநிரைப் பூசலிலும் போரிலும் மடிந்தோர்க்கு எடுத்த நினைவுக் கற்கள், வில்லேந்திய வீரர்களை அழகுறக் காட்டுகின்றன. வில் செய்யப் பயன்படும் பொருள்களுள் ஒன்றான எருமைக்கொம்பு, நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனதாகையால், வளைந்து மீளும் இயல்புடையதாகி, மரமும் கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்யப்படும் கூட்டுவில்லின் உட்புறத்தில், நாணை இழுக்கையில் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் மான்கொம்போ உண்மையில் எலும்பேயாதலால், வளையக் கூடாத கைப்பிடிக்கே பொருந்தும். ஆயினும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள இந்நாட்டில், காட்டில் தானே உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் எடுத்துவரலாகாது; கைப்பிடிக்கு உறுதியான மரமே போதுமானது.