மூன்று மீட்டருக்குள் பாதி வேகம்

மொட்டைமாடியில் கொடிக்கயிற்றையே வலையாக்கி ஷட்டில் ஆடியவர்களுக்குத் தெரியும்: லேசாகக் காற்று வீசினாலே ஆட்டம் போச்சு. காக் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் எடை ஐந்து கிராம்தான். ஆனால் 16 இறகுகள் குடைபோல விரிந்து காற்றை மறிக்கின்றன.

2023இல் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் பாட்மின்டன் வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கி.மீ. கின்னஸ் சாதனை. அப்படியானால் எதிரே நிற்பவர் எப்படித்தான் எடுக்கிறார்? அந்த வேகம் மட்டையைவிட்டுக் கிளம்பும் நொடியில் மட்டும்தான்.

மாடியிலிருந்து காக் ஒன்றைச் சும்மா நழுவவிடுங்கள். முதலில் வேகம் கூடும். மணிக்கு சுமார் 24 கி.மீ. வந்ததும் அதற்குமேல் கூடாது. கீழே இழுக்கும் எடையும் மேலே தடுக்கும் காற்றும் அங்கே சரிக்குச் சரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சாத்விக்கின் வேகம் இந்த 24ஐப்போல 23 மடங்குக்கும் மேல். இதே விகிதத்தில் கணக்குப் போட்டால், அந்தக் கணத்தில் காற்று அதன் எடையைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் அதிகமான விசையால் பின்னுக்கு இழுக்கிறது! ஏறக்குறைய மூன்று மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகிவிடும். அடுத்த மூன்று மீட்டரில் அதிலும் பாதி. ஆடுகளத்தின் நீளமோ 13.4 மீட்டர். உயரத் தூக்கி அடித்த டாஸ், கடைசியில் கிணற்றில் வாளி இறங்குவதுபோலச் செங்குத்தாக விழுவதும் இதனால்தான்.

எப்படி அடித்தாலும் கார்க்தான் முன்னால் போகும். கனம் அங்கே, காற்றின் பிடி பின்னால் இறகில். மட்டையில் பட்டதும் காக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தலைகீழாகப் புரண்டுவிடும்.

காற்று லேசானால் பிடியும் தளரும். வெயில் காலத்தில் காக் கோட்டைத் தாண்டி ஓடும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவிலும் அப்படித்தான். டப்பாவின்மேல் 76, 77, 78 என்று போட்டிருப்பது இதற்காகத்தான். எண் குறைந்தால் வேகமும் குறைவு. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிவந்துவிட்டுக் கையைக் குறை சொல்கிறோம்.

வெட்டவெளிக்குத் தஞ்சாவூர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அங்கே பிறந்த பூப்பந்தாட்டத்தில் இறகே கிடையாது. உருண்டையான கம்பளிப் பந்து, 27 முதல் 30 கிராம் வரை. காக்கின் எடையைப்போல ஐந்தாறு மடங்கு கனம், விரிந்த குடையும் இல்லை. மாலைக் காற்றிலும் ஆட்டம் நிற்காது.