பாத்தியும் ஒரு பாடநூல்

ஆலமரக் காடாய் இருந்தமையால் பெயர் பெற்ற திருவாலங்காடு, திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லைப் பகுதியில் உள்ளது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. இத்தகைய ஊரில் பள்ளித் தோட்டம் என்றதும், "நாங்கள் கரும்பு வெட்டியது போதாதா? மண்ணைக் கிளறவா பிள்ளையை அனுப்புகிறோம்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடலாகாது.

1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. அதன்பின் ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியில் காய்கனித் தோட்டமும் ஒரு தொழிலாக இடம்பெற்றது. தொழிலின் வழியே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பிப்பதே அதன் நோக்கம். 1953-இல் இராஜாஜி அரசு கொணர்ந்த திட்டமோ வேறு. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். மக்கள் அதனைக் குலக்கல்வி என எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. முன்னதில் வேலையே பாடமாயிற்று; பின்னதில் வேலைக்காகப் பாடம் குறைந்தது.

வேலை பாடமாவது எங்ஙனம்? இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தியைக் கயிறு பிடித்து அளக்கும் சிறுவன், சுற்றளவு 6 மீட்டர், பரப்பு 2 சதுர மீட்டர் என்பதைக் கண்ணால் காண்கிறான். 20 அவரை விதைகளில் 17 முளைத்தால் நூற்றுக்கு 85 என்று கணக்கிடுகிறான். ஊறிய அவரை இரண்டாகப் பிளப்பதும், மக்காச்சோளம் பிளவாதிருப்பதும் அவனுக்குத் தாவரவியல். வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை 'வங்காய' என்று சுட்டியதை, அடுத்த குழந்தை 'கத்தரிக்காய்' என்கிறது. இருவரும் ஒரு சொல் கூடுதலாய்க் கற்கின்றனர்.

எனினும் சில நெறிகள் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து மண்வெட்டி பிடிக்கவேண்டும். இன்னார் வீட்டுப் பிள்ளைக்கே இவ்வேலை என்னும் பேச்சு எழலாகாது. தோட்டவேலை தண்டனையாகவும் கூடாது. விளைந்த கீரை மதிய உணவுக் கலத்திற்கே செல்லட்டும். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட நெறிமுறைகளும் இதனையே கருதுகின்றன.

பெற்றோரே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் கையில் மண் உண்டா என்று மட்டும் பாராதீர். எத்தனை விதை முளைத்தன, முளைக்காதவை ஏன் முளைக்கவில்லை என்று கேளுங்கள். பிள்ளை விடை சொன்னால், அங்கே கல்வி நடைபெறுகிறது. சொல்லத் தெரியாவிடில், நீங்கள் கேட்ட கேள்வி நியாயமே. அதைப் பள்ளியில் சென்று கேளுங்கள்.