வீட்டுக்குள் ஒரு கடல் – 9: மூன்று தொட்டி, மூன்று வாளி

எங்கள் வீட்டு பால்கனியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வாளிகள் இருக்கின்றன. கூடத்தில் இருக்கும் 300 லிட்டர் தொட்டிக்கு நீலம். உள்ளறையில் குஞ்சுகள் வளரும் 80 லிட்டர் தொட்டிக்குப் பச்சை. வாஷிங் மெஷின் பக்கத்தில், விருந்தாளி கண்ணில் படாத மூலையில் இருக்கும் 60 லிட்டர் தொட்டிக்குச் சிவப்பு. வலை, மக், டியூப் எல்லாவற்றிலும் அந்தந்த நிறத்தில் டேப் சுற்றியிருக்கிறோம். சிவப்பைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, துடைத்து உலர்த்திய பிறகுதான் மற்ற இரண்டின் பக்கம் போகலாம். இந்தச் சட்டம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் தெரியும், எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கும் தெரியும்.

போன வாரம் ஒரு தொட்டி ‘சைக்கிள்’ ஆகும் கதையைச் சொன்னேன். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொருவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகும்வரை நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்தப் பொறுமை எனக்கு இருந்தது. இல்லாமல் போனது அடுத்த பொறுமை.

முதல் தொட்டி வைத்த எட்டாவது மாதம், கொளத்தூரிலிருந்து ஒரு டேங் மீன் வாங்கி வந்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. பையை அரை மணி நேரம் மிதக்க விட்டு நேரே பெரிய தொட்டிக்குள் விட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் உப்புத்தூள் தூவியதுபோல நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் புள்ளிகள் இல்லை. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அது குணமில்லை. மீனின் தோலுக்குள் தின்று கொழுத்த ஒட்டுண்ணி கீழே இறங்கி, மணலிலும் கல்லிலும் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பெருகிக்கொண்டிருந்தது. கிரிப்டோகேரியான் என்று அதற்குப் பெயர். கூடு வெடித்ததும் வெளியே வரும் குஞ்சு ஒட்டுண்ணிகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். கடலில் அது எளிதில் நடக்காது, அவ்வளவு தண்ணீர் நடுவில் இருக்கிறது. 300 லிட்டரில் மீன் எங்கே ஓடும்? இரண்டு வாரத்தில் ஏழு மீனில் நான்கு போய்விட்டன. டேங்தான் முதலில் போனது.

இதற்குச் செம்பு கலந்த மருந்து உண்டு. ஆனால் பெரிய தொட்டியில் அதைப் போட முடியாது. இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. மணலும் கல்லும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கக்கும். மிச்சமிருந்த மூன்று மீனையும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்து எங்கே விடுவது? அன்று ராத்திரி பத்து மணிக்குப் பிளாஸ்டிக் டப்பில் உப்புத் தண்ணீர் கலந்துகொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்கு இரண்டாவது தொட்டி வந்தது அப்படித்தான்.

அந்தச் சிவப்பு டேப் தொட்டியில் மணல் இல்லை, கல் இல்லை. ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர், அவ்வளவுதான். அந்த ஸ்பான்ஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் அடியில் ஊறப்போட்டு வைத்திருப்பேன். தேவைப்படும் நாளில் பாக்டீரியாவோடு எடுத்து மாட்டிக்கொள்ளலாம். மருந்து பார்த்த ஸ்பான்ஞ் மறுபடி பெரிய தொட்டிக்குத் திரும்பாது, குப்பைக்குத்தான். எந்தப் புது மீனும் இங்கே ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருந்த பிறகே கூடத்துக்கு வரும். நோய் வந்த பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் வெறுமையாக ஓட்டினோம். பிடிக்க மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி பட்டினியில் சாகவேண்டும் என்பதற்காக. வெறும் கல்லையும் இரண்டு துப்புரவு இறாலையும் பார்த்துக்கொண்டு இரண்டரை மாதம். வந்தவர்கள் எல்லாம் “மீன் எங்கே?” என்று கேட்டார்கள்.

மூன்றாவது தொட்டி சந்தோஷத்தில் வந்தது. பெரிய தொட்டியின் கோமாளி மீன் ஜோடி, ஒரு சாயங்காலம் கல்லோரத்தில் சாய்த்து வைத்திருந்த ஓட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. வாயாலேயே கொத்திக் கொத்தி ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பாசியில்லாமல் ஆக்கியது. மறுநாள் அங்கே ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள், ராகிக்கும் கம்புக்கும் நடுவிலான பருமனில். காவல் காப்பது ஆண். துடுப்பால் ஓயாமல் விசிறும், கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கித் தின்றுவிடும், கண்ணாடியில் விரல் வைத்தால் விரலை நோக்கிப் பாயும். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் செத்துப்போனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிவிடும். இதை மகளுக்குச் சொன்னபோது, “அப்போ அப்பாவே அம்மா ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாள் ஆக ஆக ஆரஞ்சு மங்கி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண் தெரிந்தது. எட்டாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பொரிப்பது இருட்டில்தான். ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சை ஓரமாகப் பிடித்தோம். கண்ணாடிச் சிராய் மாதிரி நூற்றுக்கணக்கில் வெளிச்சத்தை நோக்கி வந்தன. கப்பால் மொண்டு மொண்டு புதுத் தொட்டியில் விட்டோம். நான்காம் நாள் ஒன்றுகூட இல்லை.

பட்டினிதான் காரணம். அந்த வாய்க்கு ரோட்டிஃபர் என்ற, ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூட இல்லாத உயிர்தான் முதல் உணவு. ரோட்டிஃபருக்குத் தீனி பச்சைப்பாசி. ஆகவே குஞ்சு வளர்க்கிறவர் முதலில் பாசி வளர்க்கவேண்டும். சமையலறை ஜன்னலில் வரிசையாகப் பச்சை பாட்டில்கள் வந்தன. “என்னங்க, இந்த பாட்டில் பக்கத்துல யாரும் எண்ணெய்க் கையோட போகக்கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க” என்று மனைவிதான் சொன்னார். மூன்றாவது முறை பொரித்ததில் பதினோரு குஞ்சுகள் பிழைத்தன. ஒரு வாரத்துக்குப் பிறகு, ஆர்ட்டிமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சைத் தின்னத் தொடங்கின. பதிமூன்றாம் நாள் காலை ஒன்றின் தலையில் நூல்போல வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையை முதலில் பார்த்தவர் அம்மா.

கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து வளர்க்க முடியும் என்று மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தினரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தினரும் முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். குஞ்சுப் பண்ணையில் பிறந்த ஒவ்வொரு மீனும் பவளத்திட்டிலிருந்து பிடிக்கப்படாத ஒரு மீன். வாங்கும்போது இதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால்தான் கடைக்காரரும் தேடுவார். பவளம் ஏன் வைக்கவில்லை என்று எங்களைக் கேட்கிறவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கல் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

மூன்று தொட்டி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் மூன்றுக்குமாக 44 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் ஒன்றரை கிலோ உப்பு. லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆகாது, ஆர்.ஓ. வேண்டும். குடிக்கும் ஆர்.ஓ.வில் தாதுக்களை மிச்சம் வைப்பார்கள், அதுவும் உதவாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாக வெளியேறும். அதைப் பிடித்துத்தான் எங்கள் வீட்டில் தரை துடைப்பதும் கழிப்பறை கழுவுவதும். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் தினமும் ஊற்றவேண்டும். மே மாதத்தில் மின்விசிறி வைத்துக் குளிரவைக்கும்போது கூடத்துத் தொட்டி மட்டுமே நாளைக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறது.

கொசுவர்த்தி, திரவக் கொசுவிரட்டி இரண்டையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டோம். அவற்றிலிருக்கும் பூச்சிமருந்து மீனையும் இறாலையும் கொல்லும். அறைக் காற்றைத்தான் ஏர் பம்ப் தண்ணீருக்குள் தள்ளுகிறது. எல்லோருக்கும் கொசுவலை. மின்சாரத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். உப்புத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே பிளக்குக்குள் இறங்கும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறினால் சொட்டு கீழே விழுந்துவிடும். தொட்டிகளுக்கென்று தனியாக, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாத வீட்டில், குழந்தையைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் இரண்டு ராத்திரி மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாள் மாலையோடு முடிந்தது. கையில் இருந்தவை பேட்டரி ஏர் பம்ப் இரண்டு. தொட்டி மூன்று. உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிடப் பிராணவாயு குறைவாகவே கரையும். தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டால் கல்லில் இருக்கும் பாக்டீரியாவும் மீனோடு போட்டி போட்டு அதைத் தின்னும். சிவப்புத் தொட்டியில் மருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீன். அதைக் கூடத்தில் விடமுடியாது. பச்சைத் தொட்டியில் குஞ்சுகள். அவற்றையும் பெரிய மீன்களோடு விடமுடியாது. சின்னத் தண்ணீர் முதலில் கெடும் என்று இரண்டு பம்புகளையும் அங்கே வைத்தேன்.

பெரிய தொட்டிக்குக் கைதான். அம்மா சமையலறைக்குப் போய்ச் சொம்போடு வந்தார். மகள் டார்ச்சைத் திருப்பினாள். “பாட்டி, பித்தளை வேணாம்! அதுல செம்பு இருக்கு, இறால் செத்துடும். எவர்சில்வர் எடுங்க.” அம்மா மறுபேச்சில்லாமல் சொம்பை மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றி, மறுபடி மொண்டு. ஒரு மணி நேரம் அம்மா, ஒரு மணி நேரம் மனைவி, பிறகு நான். “நீ தூங்குடா, நான் பாத்துக்கறேன்” என்று மூன்று மணிக்கு என்னை எழுப்பாமலே அம்மா தொடர்ந்து ஊற்றியிருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் ஒரு டாம்சல் மீன் செத்துக் கிடந்தது. மற்றவை பிழைத்தன.

அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் பேட்டரி பம்ப் மூன்றாக்கினோம். நான்காவது தொட்டி வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். முறை வைத்து விழித்திருக்க எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள்தான்.

ஒரு தொட்டியோடு இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து வாங்கப்போவது அழகான தொட்டியாக இருக்க வேண்டாம். யார் கண்ணுக்கும் படாத அந்த 60 லிட்டர் தொட்டியை முதலில் வாங்குங்கள். அடுத்த மீனை அதற்குப் பிறகு வாங்கலாம்.

(தொடரும்)