தறியை விட்டு இறங்கிய பிறகு

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். ஆரணிப் பட்டு வட்டாரத்தில், சேத்துப்பட்டு போன்ற ஊர்களில் தறியில் உட்காருபவருக்குக் கண்ணும் முழங்காலும்தான் அந்தத் தேதியைக் குறிக்கின்றன. அறுந்த பாவிழையைத் தேடிப் பிணைக்கப் பார்வை போதவில்லை, தறிக் குழிக்குள் காலை இறக்கி மிதிக்க முடியவில்லை என்றால், நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுக்கும் நாள் தள்ளிப்போகும். கூலியோ சேலைக் கணக்கு. வயது ஏற ஏற, அதே சேலைக்கு அதே கூலிதான். உழைக்கும் நாள் மட்டும் கூடுகிறது.

சேமித்திருக்கலாமே என்று சொல்வது எளிது. 2019-20 தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. அதற்குப் பின் வந்த கொரோனா ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கின. பட்டுச் சேலைக்கு வேறு சந்தை ஏது? கையிருப்பு இருந்தவர்களுக்கும் அது அப்போது கரைந்தது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கு முதியோர் ஓய்வூதியம் உண்டு. தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்கி நெய்பவருக்கு அது கிடையாது. அப்படிப் பலருக்கு மிஞ்சுவது பொதுவான முதியோர் உதவித்தொகை. 2023இல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மருந்துக்கே அது சரியாகிவிடும். இவர்களிலும் கடைசியில் நிற்பவள் வீட்டுப் பெண். ஆயுள் முழுக்க ராட்டையில் ஊடை நூலைத் தார் சுற்றியவள் அவள்; கூலி கணவர் பெயரில் வந்ததால், அவள் உழைத்ததற்குக் கணக்கே இல்லை. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று தறியில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வழி உண்டு. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். வங்கிக் கணக்கும், வருமான வரி கட்டாதவராக இருப்பதும் போதும். 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருபவருக்கு அது 1,454. கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் தனித்தனியாகச் சேருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வழி அடைபட்டது. எந்த முதலாளிக்கு நெய்தாலும் நெசவாளர் நெசவாளரே என்று ஏற்று, தார் சுற்றும் பெண்ணையும் சேர்த்து, சங்கத்து ஓய்வூதியத்தை எல்லோருக்கும் அரசு விரிவாக்க வேண்டும்.